இரண்டாம் உலகப் போரில் பிபிசி பாட்டும் நகைச்சுவையும் ஒலிபரப்பியது சிப்பாய்களையும் தொழிலாளர்களையும் ஏய்க்கத்தானே?

கேள்வி கேட்டவர் அனேகமாகக் கணினி முன்னால் வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். பாட்டு வேண்டுமென்றால் காதில் மாட்டிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கழற்றி வைக்கலாம். நாள் முழுக்க ஒரே திருகாணியை முடுக்குகிறவர் இப்படிக் கேட்க மாட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் இங்கிலாந்தில் கவென்ட்ரி பக்கம் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் ஒரு வயதான அம்மா வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். போர்க்காலத்தில் இளம்பெண்ணாக விமான உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டீயோடு உட்கார்ந்தால் குண்டுவீச்சைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவார். வானொலியைப் பற்றித்தான் நிறைய.

காலை 10.30க்கு தொழிற்சாலை ஒலிபெருக்கியில் பிபிசியின் 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற இசை நிகழ்ச்சி தொடங்கும். அரை மணி நேரம், நடுவில் நிறுத்திப் பேசவே மாட்டார்கள். மறுபடி மதியம் 3 மணிக்கு. 1940 ஜூனில் ஆரம்பித்தது. 1942 ஆகஸ்டில் இரவு ஷிப்டுக்கென்று 10.30க்கு இன்னொன்றும் சேர்ந்தது. கை சோர்ந்துபோய், மணி நகராமல் கிடக்கிற நேரம் பார்த்து அது வரும் என்பார்.

எதை வாசிக்கலாம், எதைக் கூடாது என்று பிபிசி விதியே வைத்திருந்தது. தூக்கம் வரவைக்கும் மெதுவான இசை கூடாது. சத்தம் ஏறி இறங்கக் கூடாது, ஏனென்றால் இறங்கும்போது இயந்திர இரைச்சலில் ஒன்றும் கேட்காது. துப்பாக்கிச் சத்தம் போல் கேட்கும் டிரம் அடி கூடாது. கைதட்டல் வரும் ஒரு அமெரிக்கப் பாட்டையும் தள்ளி வைத்தார்கள். தாளத்துக்குக் கைதட்டினால் வேலை நின்றுவிடும், இல்லையென்றால் ஸ்பேனரால் பெஞ்சில் தட்டுவார்கள். அந்த அம்மா ஸ்பூனால் மேசையில் தட்டிக் காட்டுவார். வேலை செய்கிற கையையும் காதையும் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள், என்னால் அதை ஏய்ப்பு என்று சொல்ல முடியவில்லை.

1941 மே மாதத்திலிருந்து 'வொர்க்கர்ஸ் பிளேடைம்' வந்தது. கலைஞர்கள் தொழிற்சாலை கேன்டீனுக்கே போய் மேடையேறுவார்கள், சாப்பாட்டு வேளையில் அது நேரடியாக ஒலிபரப்பாகும். எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதால் எந்த ஊர் என்று சொல்வதில்லை. தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் இதற்கு முழு ஆதரவு கொடுத்தார், அவரே தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். ராத்திரி வீட்டில் டாமி ஹேண்ட்லியின் 'இட்மா' நகைச்சுவை நிகழ்ச்சி.

சிப்பாய்கள் கதை வேறு. பிரான்சில் குளிரில் காத்துக் கிடந்த படைக்காக 1940 ஜனவரியில் தனி அலைவரிசையே தொடங்கினார்கள். 1941 கடைசியில் பாடகி வேரா லின் பிபிசியில் ஞாயிறு இரவில் பாட ஆரம்பித்தபோது, உருக்கமான பாட்டு சிப்பாய்களின் மனதைத் தளர்த்திவிடும் என்று பெரிய மனிதர்கள் புகார் சொன்னார்கள். சிப்பாய்களோ அவர் பாட்டைத்தான் கேட்டார்கள். 1944ல் அவர் பர்மாப் போர்முனைக்கே போய்ப் பாடினார். அந்தத் தென்கிழக்காசியப் படையினருக்காகக் கொழும்பிலிருந்து இயங்கியதுதான் ரேடியோ சீக். அதன் சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் போருக்குப் பின் ரேடியோ சிலோனுக்குப் போனது. நம் வீடுகளில் இலங்கை வானொலி அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குப் பின்னால் அந்தப் படைகளுக்கான ஒலிபரப்பும் இருக்கிறது.

உடனே 'வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று கிளம்பி வராதீர்கள். 1943ல் வங்காளத்தில் லட்சக்கணக்கில் மக்கள் பட்டினியால் செத்தது எனக்கும் தெரியும். உற்பத்தி கூட வேண்டும் என்ற கணக்கு அந்த இசைக்குப் பின்னால் இருந்ததும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் தொழிலாளியின் அலுப்புக்கும் ஒரு இடம் இருந்தது.

எங்கள் கிடங்கில் முன்பு ஒரு ரேடியோ இருந்தது. இசை உரிமக் கட்டணம் அதிகம் என்று ஒருநாள் எடுத்துவிட்டார்கள். இப்போது காதில் ஹெட்செட். எந்த வரிசை, எந்த அடுக்கு, எத்தனை பெட்டி என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும், நாம் எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஷிப்ட் முழுக்க அந்த ஒரே குரல்தான். கழிப்பறைக்குப் போன நிமிடங்கள்கூடப் பதிவாகின்றன. புதிதாக வரும் பையன்கள் யார் பெயரும் யாருக்கும் தெரியாமல் வந்து போகிறார்கள். அப்புறம் 'ஊழியர் நலன்' என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிறார்கள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போர் 1945ல் முடிந்துவிட்டது. 'வொர்க்கர்ஸ் பிளேடைம்' 1964 வரைக்கும், 'மியூசிக் வைல் யூ வொர்க்' 1967 வரைக்கும் ஓடின. போருக்காக ஏய்த்தார்கள் என்றால், போர் முடிந்து இருபது வருடம் கழித்தும் ஜனங்கள் அதை எதற்காகக் கேட்டார்கள்?