கேளுங்கள், சொல்கிறேன்: கியூபெக்கின் பொடியன்கள்

கேள்வி: கனடாவில் சிறுவர்கள் ஆடும் ஐஸ் ஹாக்கிக்குப் பெரியவர்கள் ஆட்டம்போலக் கூட்டம் கூடுகிறதாமே? (தென்காசி வாசகர்)

கூடுகிறது. கியூபெக் நகரில் பிப்ரவரி தோறும், ஊரின் பனித் திருவிழாவை ஒட்டி நடக்கும் பீ-வீ என்னும் சிறுவர் பிரிவுப் போட்டியைச் சொல்கிறீர்கள். 1960-இல் தொடங்கியது. ஆடுபவர்கள் 11, 12 வயதுப் பிள்ளைகள். நூறு அணிகளுக்கு மேல் வருகின்றன. பின்னாளில் ஹாக்கி நட்சத்திரமான கீ லஃப்லூர் இங்கே ஆடித்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தவரானார்; 1974-இல் பிராண்ட்ஃபோர்டு அணியோடு வந்த, இன்னொரு பெரும் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியையும் இந்த ஊர் பொடியனாகப் பார்த்திருக்கிறது. ஆனால் இந்தப் பெயர்களுக்காக நான் இந்தப் போட்டியைக் கொண்டாடவில்லை. காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? (ஈரோடு வாசகி)

பல பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்களின் வீடுகளில் தங்குகிறார்கள்! முன்பின் தெரியாத குடும்பம். வீட்டில் பேசுவது பிரெஞ்சு. வந்த பிள்ளைக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. அந்த வீட்டு அம்மாதான் காலையில் சோறு போட்டு, வியர்வையில் நனைந்த ஜெர்சியைக் காயவைத்து, மைனஸ் 20 டிகிரியில் வண்டியைக் கிளப்பி அரங்கத்தில் கொண்டுவிடுகிறார். அரங்கத்து நடைபாதையிலோ பிள்ளைகள் கழுத்துப் பட்டை நிறைய அணிச் சின்னங்களைக் குத்திக்கொண்டு, விரலால் காட்டியே பேரம் பேசி மாற்றிக்கொள்வார்கள்.

2023-இல் உக்ரைன் அணி வந்தது. போரால் வீட்டை விட்டு, பல நாடுகளில் சிதறிக் கிடந்த பிள்ளைகள். அவர்களையும் கியூபெக் வீடுகள்தான் ஏற்றுக்கொண்டன. பிப்ரவரி 11 அன்று, 18,000 பேருக்கு மேல் அமரக்கூடிய விடியோட்ரான் சென்டரில், பாஸ்டன் ஜூனியர் புரூயின்ஸை 3–1 என்று வென்றார்கள். அந்த வெற்றியைவிட, ஊரார் கதவைத் திறந்துவிட்டதுதான் எனக்குப் பெரிது. ஒரு விளையாட்டுப் போட்டி பிள்ளைகளுக்கு இதற்குமேல் என்ன தர முடியும், சொல்லுங்கள்!

கேள்வி: பெண் பிள்ளைகள் ஆடலாமா? (வேலூர் வாசகி)

தாராளமாக. 1984-இல் இதே போட்டியில் 11 வயதுச் சிறுமி மனோன் ரெயோம் கோல்கீப்பராக இறங்கினார். 1992-இல் டாம்பா பே அணிக்காக, வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீகான என்.எச்.எல்.-இன் முன்னோட்ட ஆட்டத்திலும் கோல் காத்தார். உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் ஆட்டமாயிற்றே, பிள்ளைகளுக்கு அடிபடாதா? (திருச்சி வாசகர்)

படும். அதனால்தான் இந்த வயதினர் உடலால் மோதித் தடுப்பதை 2013-இல் கனடா முழுவதும் தடை செய்தார்கள். மோதலை அனுமதித்த ஆல்பர்ட்டா மாகாணத்தில், அனுமதிக்காத கியூபெக் மாகாணத்தைவிடச் சிறுவர்களுக்குக் காயம் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. 'இடி தாங்கினால்தான் ஆம்பளை' என்று சில அப்பாக்கள் அப்போது சண்டைக்கு வந்தார்கள். வளரும் பிள்ளையின் மூளையை வைத்து வீரம் பேசக்கூடாது; தடை சரியே.