சீகோங் பயிற்சி: மலையகத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஹட்டன், ஆசிரியை): சீகோங் பழைய கலையா, அண்மையில் உருவானதா? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: சீகோங் என்பது மெதுவான அசைவையும் மூச்சையும் இணைக்கும் சீனப் பயிற்சி. அதன் வேர் மிகப் பழையது. சீனாவின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168 இல் மூடப்பட்ட கல்லறையொன்றை 1973 இல் அகழ்ந்தபோது, பயிற்சி செய்யும் ஆண்களும் பெண்களுமாக 40க்கும் மேற்பட்ட உருவங்கள் தீட்டப்பட்ட பட்டுத்துணி கிடைத்தது. ஆயினும் மருத்துவ நிலையங்களில் அது முறைப்படுத்திக் கற்பிக்கப்பட்டது 1950களில்தான். புதியவர்களுக்குப் பாதுவான்ஜின் என்னும் எட்டு அசைவுத் தொகுதி ஏற்றது. நின்றபடியே கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்காதீர்கள்.

கேள்வி (நுவரெலியா): விடியற்காலைப் பனியில் வெளியே நின்று செய்தால் பலன் கூடுமா?

பதில்: கூடாது. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் தசைகள் இறுகும். வீட்டுக்குள் செய்யுங்கள், அல்லது வெயில் ஏறட்டும்.

கேள்வி (பொகவந்தலாவை, மாணவர்): என் அம்மா நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்தெடுக்கிறார். அவருக்கும் பயிற்சி வேண்டும் என்பது வேலையில்லாதவர் பேச்சல்லவா?

பதில்: தம்பி, உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் உழைப்பும் பயிற்சியும் உடலுக்கு ஒன்றையே செய்வதில்லை. கூடைக் கயிறு தலையில் பதிந்து கழுத்தை அழுத்துகிறது. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பதால் இடுப்பு ஒருபுறம் சாய்கிறது. கைகள் முன்னே நீண்டபடியே இருப்பதால் தோள்கள் உள்நோக்கிக் குவிகின்றன. சில தசைகள் ஓயாமல் இறுகியிருக்க, அவற்றுக்கு எதிரானவை வேலையின்றிக் கிடக்கின்றன. பாதுவான்ஜினின் முதல் அசைவில் விரல்களைக் கோத்து உள்ளங்கைகளைத் தலைக்கு மேலே உயர்த்துகிறோம். இரண்டாவதில் வில் வளைப்பதுபோல் நெஞ்சை விரிக்கிறோம். நான்காவதில் தோளுக்குப் பின்னே மெல்லத் திரும்பிப் பார்க்கிறோம். மலையில் குனிந்தும் குவிந்தும் நின்ற உடல் இம்மூன்றிலும் எதிர்த்திசையில் தளர்கிறது. அம்மாவுக்கு வேண்டியது இந்தத் தளர்வுதான். மேலும் ஓர் உழைப்பன்று.

மறுப்பு (டிக்கோயா, ஓய்வுபெற்ற கங்காணி): ஓய்வையும் சரியான கூலியையும் கொடுத்தால் எந்தச் சீனப் பயிற்சியும் வேண்டாம்.

பதில்: ஐயா, முற்பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். கூலிக்கும் கூடையின் பாரம் குறைவதற்கும் இந்த அசைவுகள் ஈடாகா; ஈடென்று சொல்லித் தொழிலாளியிடம் இதை யாரும் திணிக்கவும் கூடாது. பிற்பாதியை என்னால் ஏற்க இயலவில்லை. கொழுந்து நிறுவை முடிந்து, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் படுக்கும் பெண், தோள் இறுகியபடியே உறங்கினால் மறுநாள் அதே வலியோடுதான் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) போகிறாள். ஆகவே எட்டையும் கேட்கவில்லை. உறங்குமுன் மேற்சொன்ன மூன்று, அதுவும் அவள் விரும்பினால். அந்த நேரத்தில் பாத்திரங்களை வீட்டு ஆண்கள் கழுவட்டும்.

கேள்வி (பண்டாரவளை): சீனி வருத்தம் தீருமா? மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: தீராது. நிறுத்தக் கூடாது. பயிற்சி மருந்துக்குத் துணை மட்டுமே.

கேள்வி (தலவாக்கலை): பிரஷருக்கு மாத்திரையை விடலாமா?

பதில்: மேலே சொன்னதே உங்களுக்கும். கூடவே, பாதத்தைத் தொடக் குனியும் ஆறாவது அசைவில் தலையைத் தாழ்த்தாதீர்கள். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் அவ்வாறே.

கேள்வி (மஸ்கெலியா): மூச்சை எத்தனை நொடி அடக்க வேண்டும்?

பதில்: அடக்கவே வேண்டாம் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன். பிராணாயாமத்தில் மூச்சை அடக்கும் கும்பகத்தை இதனோடு கலக்காதீர்கள். கும்பகம் கற்க விரும்பினால் யோகா ஆசிரியரிடம் செல்லுங்கள்.

கேள்வி (கொட்டகலை): தம்பி காணொளி பார்த்துத் தானாகக் கற்று, மணிக்கணக்காகக் கண்மூடி நிற்கிறான். இப்போது உறக்கமில்லை, யாரோ பேசுவது கேட்கிறது என்கிறான். சக்தி திறந்துகொண்டதா?

பதில்: அக்கா, அப்படி எண்ணிக் காத்திருக்காதீர்கள். மிகையான சீகோங்கை அடுத்து வரும் மனக்கலக்கத்தை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே 1994 இல் வெளியிட்ட தன் கையேட்டில் குறித்திருக்கிறது. பயிற்சியை இன்றே நிறுத்துங்கள், உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்யுங்கள், தனியே விடாதீர்கள், தாமதமின்றி மனநலப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். எத்தனை மணி நேரம் நின்றான், எப்போதிலிருந்து உறங்கவில்லை என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.