வாடகைக்கு விட்ட வீடும் இன்ஷூரன்ஸும்: வாசகர் கேள்விகள்

கே: வேளச்சேரியில் தரைத்தள வீடு. மிக்ஜாம் வெள்ளத்தில் குடித்தனக்காரரின் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் போய்விட்டன. இனி இப்படி நடந்தால் என் பாலிசியில் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் பாலிசி கட்டடத்துக்கும் உங்கள் பொருள்களுக்கும் மட்டும்தான். அவர் தன் பொருள்களுக்கென்று தனியாக பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி எடுக்கலாம். அதற்கு வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. அக்ரிமென்ட் போடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

கே: என் வீட்டின் இன்றைய மதிப்பு 1 கோடி. அந்தத் தொகைக்கு எடுக்கவா?

எத்தனை சதுர அடி என்று எழுதவே இல்லையே, அதுதான் முதலில் வேண்டும். மனைக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் கணக்கு. சதுர அடிக்கு சுமார் 2,500 என்றால் 1,000 சதுர அடிக்கு 25 லட்சம். பாரத் கிருஹ ரக்ஷாவில் வீட்டுப் பொருள்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதாவது 5 லட்சம், தானாகவே சேரும்.

கே: லோன் போட்டபோதே பேங்கில் இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொண்டார்கள். இன்னொன்று எதற்கு?

மாதம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது. அது என்ன பாலிசி என்று எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுபவர் ஒருவரும் இல்லை. லோனோடு சேர்த்து ஒரே தவணையில் பிடித்தது பெரும்பாலும் ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்தால் மீதிக் கடன் அடையும். தீப்பிடித்தாலோ சுவர் விழுந்தாலோ அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் ஒரு பெரியவர் ஃபைலோடு என்னிடம் வந்தார். காம்பவுண்ட் சுவர் விழுந்திருந்தது, வீட்டுக்குள் நாலடித் தண்ணீர் நின்றிருந்தது. வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று பல வருடமாக நம்பியிருந்தவர். ஃபைலில் இருந்தது ஆயுள் காப்பீடு மட்டும். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

பாலிசி பத்திரத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். கம்பெனி பெயரில் 'லைஃப்' என்று இருந்தால் அது ஆயுள் காப்பீடு. உங்கள் கதவு எண்ணும் தெருவும் காப்பீடு செய்த இடமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் அது வீட்டுக்கான பாலிசி இல்லை. வீட்டுக்கானதுதான் என்றாலும், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். பேங்க் பெயரும் அதில் இருந்தால் இழப்பீடு முதலில் கடனுக்குத்தான் போகும்.

கே: ஆறு மாதமாக வாடகை வரவில்லை. பாலிசியில் 'வாடகை இழப்பு' என்று போட்டிருக்கிறதே?

அது தீ, வெள்ளம் போன்றவற்றால் வீடு குடியிருக்க முடியாமல் போனால் கிடைப்பது. பாக்கிக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தீர்களா? அதை நீங்கள் சொல்லவில்லை. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்திவிடாதீர்கள், சட்டம் அதைத் தடுக்கிறது.

கே: திருப்பூரில் என் வீட்டுக் குடித்தனக்காரர் முன்னறையில் பத்து தையல் மெஷின் போட்டு பனியன் தைக்கிறார். பாலிசி செல்லுமா?

குடியிருப்பு என்று சொல்லி எடுத்த பாலிசி அல்லவா, க்ளெய்மில் கட்டாயம் தகராறு வரும். இன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னேன் என்பதெல்லாம் நிற்காது. தொழிலிடத்துக்குத் தனிப் பாலிசிகள் இருக்கின்றன.

கே: பாத்ரூம் கசிவு, சுவரில் ஓதம்?

பராமரிப்புச் செலவு, உங்களுடையது. தண்ணீர்த் தொட்டி வெடித்துச் சேதமானால் வேறு. அது பாலிசியில் வரும். அப்புறம், குடித்தனக்காரர் மாறும்போதெல்லாம் வீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

கே: பிரீமியத்தை வாடகை வருமானத்தில் கழிக்கலாமா?

முடியாது. அதற்கும் சேர்த்துத்தான் 30 சதவீதக் கழிவு.