பவுடர் பாலும் பச்சிளம் வயிறும்: வாசகர் கேள்விகள்

செல்லூர் வாசகி: டப்பாவில் ‘ப்ரீபயாட்டிக் உள்ளது’ என்று போட்டிருக்கிறது. அதையே வாங்கலாமா?

ப்ரீபயாட்டிக் என்பது செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் ஒருவகைச் சர்க்கரை. அங்குள்ள பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல கிருமிகள் அதைத் தின்று அமிலம் சுரக்கும். மலம் இளகும், கெட்ட கிருமிகளுக்கு இடம் குறையும். பவுடரில் பெரும்பாலும் ஜி.ஓ.எஸ்., எஃப்.ஓ.எஸ். என்ற இரண்டைத்தான் சேர்ப்பார்கள். தாய்ப்பாலிலோ இப்படிப்பட்ட சர்க்கரைகள் நூறு வகைக்கு மேல், மொத்தமாக லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை இருக்கிறது. பால் சுரக்கிற தாய் இந்த ஒரு வரியைப் பார்த்து டப்பாவுக்கு மாறவே வேண்டாம். இப்போதுள்ள பவுடர் ஒத்துக்கொண்டிருந்தால் அதையும் மாற்றாதீர்கள்.

திருமங்கலம் வாசகர்: ப்ரீபயாட்டிக் பவுடர்தான் கொடுக்கிறோம். ஆனாலும் மலம் கெட்டியாக, உருண்டையாகப் போகிறது.

முதலில் கலக்கும் முறையைப் பாருங்கள். பல பவுடர்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி. உங்கள் டப்பாவில் உள்ளதே கணக்கு. பாட்டிலில் பவுடரை முதலில் போட்டு, பிறகு 90 கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தண்ணீரின் அளவு குறைந்து பால் கெட்டியாகிவிடும். மலம் இறுகுவதற்கு இது ஒரு காரணம். தண்ணீரை அளந்து ஊற்றிய பிறகே பவுடர். கரண்டியை அமுக்காமல், குவிக்காமல், சுத்தமான கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். பழைய டப்பாவின் கரண்டி வேண்டாம், அளவு மாறும். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பதை அறவே விடுங்கள், ஆசனவாய் புண்ணாகும். மலம் இளகலாக வந்தால், முகம் சிவக்க முக்கினாலும் அது மலச்சிக்கல் இல்லை.

உசிலம்பட்டி வாசகி: சூடான தண்ணீரில் கலந்தால் ப்ரீபயாட்டிக் செத்துவிடுமா?

அது உயிருள்ளதல்ல, சாகாது. சூட்டில் சாவது புரோபயாட்டிக், அதாவது உயிருள்ள பாக்டீரியா. பவுடர் கிருமியே இல்லாத பொருள் அல்ல. அதில் இருக்கக்கூடிய குரோனோபாக்டர் என்ற கிருமி பச்சிளம் குழந்தைக்கு உயிராபத்து. அதனால்தான் 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து, அரை மணிக்குள் கலந்து, பாட்டிலைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். வாய் வைத்த மிச்சத்தை எடுத்து வைக்கவே கூடாது.

மேலூர் வாசகி: சித்திரை வெயிலுக்குப் பாலைக் கொஞ்சம் நீர்க்கக் கரைக்கலாமா?

கூடாது. ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரலாம். தேன் தொட்டு வைப்பதும் ஒரு வயது வரை வேண்டாம்.

அலங்காநல்லூர் வாசகர்: மலம் பச்சையாகப் போகிறது.

இரும்புச்சத்து சேர்த்த பவுடரில் அப்படிப் போகும், பயமில்லை. ரத்தம், வெளிறிய மலம், பச்சை நிற வாந்தி, உப்பிய வயிறு, பால் குடிக்க மறுப்பது: இதில் ஒன்று இருந்தாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.