புதிய ரயில் பாதை: அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே – கேள்வி பதில்

பெரிய ரயில் பாதை ஒன்றின் திட்டமிடல், ஒப்புதல் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கே: அறிவிப்போடு வரும் வரைபடத்தைப் பார்த்து, பாதை என் நிலத்தில் விழுமா என்று சொல்ல முடியுமா, ஐயா?

முடியாது. அந்தக் கட்டத்தில் அது கோடே அல்ல, சில கிலோமீட்டர் அகலப் பட்டை. மாற்று வழிகளை ஒப்பிட்டுக் கழித்த பிறகு சில நூறு மீட்டராகச் சுருங்கும். இறுதித் தட அளவீடு முடிந்தால்தான் நில அகலமே தெரியவரும், ஏனென்றால் அது தண்டவாளத்தைத் தாங்கும் மண்கரையின் உயரத்தைப் பொறுத்தது. மேற்புறம் 12 மீட்டர், உயரம் 10 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு இரண்டு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்) என்றால் கரையின் அடி மட்டும் 52 மீட்டர். வடிகாலும் பராமரிப்புச் சாலையும் அதற்கு வெளியே.

கே: ஊரை விட்டுக் கொஞ்சம் வளைத்துப் போனால் என்ன?

எவ்வளவு வளையலாம் என்பதை வேகம்தான் முடிவு செய்யும். 1,435 மி.மீ. அகலப் பாதைக்கு, 11.8-ஐ வேகத்தின் (கி.மீ./மணி) வர்க்கத்தால் பெருக்கி, வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்தும் அளவும், அந்த வேகத்துக்குத் தேவையான உயர்த்தலில் எவ்வளவு குறையலாம் என்று அனுமதிக்கும் அளவும் சேர்ந்த மி.மீ. அளவால் வகுத்தால், வளைவின் குறைந்தபட்ச ஆரம் மீட்டரில் வரும். அந்தக் கூட்டுத்தொகை 250 என்றால், 160 கி.மீ. வேகத்துக்கு சுமார் 1,200 மீட்டர், 300 கி.மீ. வேகத்துக்கு சுமார் 4,250 மீட்டர். இவ்வளவு பெரிய வளைவில் ஒரு ஊரைத் தவிர்த்தால் பெரும்பாலும் பக்கத்து ஊர் மாட்டும்.

ஏற்றமும் அப்படித்தான். பயணிகள் ரயில் மட்டும் ஓடும் ஜெர்மனியின் கொலோன்–ஃபிராங்க்ஃபர்ட் பாதையில் 4 சதவீத ஏற்றம் வைத்தார்கள். கனமான சரக்கு ரயில் அதில் ஏறாது. தடம் வரைந்த பிறகு "சரக்கும் விடலாமே" என்று யாராவது சொன்னால், வேலை திரும்ப முதலிலிருந்து.

கே: மண் பரிசோதனைக்கு ஏன் இத்தனை காலம்?

சுவிட்சர்லாந்தின் 57 கி.மீ. கோட்ஹார்ட் அடித்தளச் சுரங்கத்தைப் பாருங்கள். வழியில் பியோரா என்ற பகுதியில், தண்ணீரில் ஊறிய சர்க்கரை போல உதிரும் டோலமைட் பாறை இருக்குமோ என்ற பயம். அதைத் தெரிந்துகொள்ளவே சுமார் 5.5 கி.மீ. ஆய்வுச் சுரங்கம் தோண்டி, அங்கிருந்து துளையிட்டார்கள். மேல் மட்டத்தில் பயந்தபடியே தண்ணீரும் மணலுமாகப் பீறிட்டது. சுரங்கம் போகவேண்டிய ஆழத்திலோ பாறை உலர்ந்து, கெட்டியாக இருந்தது. தடத்தை மாற்ற வேண்டியதில்லை என்ற முடிவு அந்தத் துளைகளால்தான் கிடைத்தது.

கே: மதிப்பீடு ஏன் எப்போதும் எகிறுகிறது?

பெரிய திட்டங்களின் செலவை ஆராயும் டென்மார்க் அறிஞர் ஃப்ளூபியரின் குழு 58 ரயில் திட்டங்களை ஆராய்ந்தபோது, சராசரியாக 44.7 சதவீதம் கூடுதல் செலவு. ஆரம்ப மதிப்பீட்டில் தண்டவாளமும் பாலமும் இருக்கும். மின் கம்பி, குடிநீர்க் குழாய் மாற்றம், பழைய நிலையத்தோடு இணைக்கும் வேலை எல்லாம் ஒற்றை வரியில் அடங்கிவிடும். எந்த ஆண்டு விலையில் போட்ட கணக்கு என்று முதலில் பாருங்கள்.

கே: ஒரே ஒப்புதலா, பலவா?

நிதி, சட்ட அதிகாரம், சுற்றுச்சூழல் என்று தனித்தனி. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாக அர்த்தமில்லை. பிரிட்டனின் எச்எஸ்2 என்ற அதிவேக ரயில் பாதையின் முதல் கட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் தனி மசோதாவே கொண்டுவந்தார்கள்: 2013 நவம்பரில் தாக்கல், 2017 பிப்ரவரியில் சட்டம், கூடவே சுமார் 50,000 பக்கச் சுற்றுச்சூழல் அறிக்கை. இந்தியாவில் 'சிறப்பு ரயில்வே திட்டம்' என்றால் 1989 ரயில்வே சட்டத்தின் 20ஏ பிரிவில் நில அறிவிப்பு வரும். ஓராண்டுக்குள் 20இ பிரிவில் கையகப்படுத்தும் அறிவிப்பு வெளியாகாவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதி. நீதிமன்றத் தடையில் கழிந்த நாட்கள் அந்த ஓராண்டில் சேராது.

கே: ஆட்சேபம் எழுதினால் பலன் உண்டா?

உண்டு, எழுதும் விதத்தில் இருக்கிறது. எச்எஸ்2 மசோதாவுக்கு எதிராக சுமார் 1,900 மனுக்கள் வந்தன. அவற்றைக் கேட்ட நாடாளுமன்றக் குழு சில்டர்ன் மலைச் சுரங்கத்தை 2.6 கி.மீ. நீட்டச் சொன்னது. இந்திய முறையில் 20ஏ அறிவிப்பிலிருந்து 30 நாள்தான் அவகாசம். "பாதை வேண்டாம்" என்ற ஒற்றை வரி கோப்போடு போய்விடும். புல எண்ணையும் பாதையின் கிலோமீட்டர் எண்ணையும் குறிப்பிடுங்கள். "இந்தக் கரை ஓடையை மறிக்கிறது, இந்த ஆண்டு வெள்ளம் இந்த மட்டம் வரை வந்தது, வரைபடத்தில் உள்ள சிறுபாலம் போதாது", "அறுவடை இயந்திரம் நுழைய இந்தக் கீழ்ப்பாலத்துக்கு இவ்வளவு உயரம் வேண்டும்" என்று எழுதினால், பொறியாளர் அளந்து பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

கே: சட்டமே நிறைவேறிவிட்டால் கட்டாயம் கட்டுவார்கள்தானே?

இல்லை. எச்எஸ்2-வின் 2ஏ என்ற அடுத்த கட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் சட்டம் வந்தது. 2023 அக்டோபரில் அரசு அதைக் கைவிட்டது. சட்டம் கட்டும் அதிகாரம் தருமே தவிர, பணம் தராது. கைவிட்ட பிறகும், அந்தத் தடத்தில் வேறு கட்டுமானம் வராதபடி காத்து வைத்திருந்த ஒதுக்கீட்டைத் தனி உத்தரவால் நீக்கவேண்டியிருந்தது. அது 2024 ஜனவரியில்தான் நடந்தது. "திட்டம் ரத்து" என்ற செய்தியை நம்பி நிலம் வாங்குகிறவர்கள் அந்த உத்தரவைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கட்டும்.