கேள்வி பதில்: ஃபஸ் பெடலில் கட்-ஆஃப் கணக்கு

கேள்வி: கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் ஃபேஸ் பெடலின் சர்க்யூட்டை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களில் கட்டினேன். இன்புட்டில் 2.2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குப் பதில் 0.1 போட்டேன். முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் (சிக்னல் நுழையும் முனை) உள்ள 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பார்த்தால் கட்-ஆஃப், அதாவது எதற்குக் கீழே ஒலி குறையுமோ அந்த அதிர்வெண், 16 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. ஆனால் தடித்த கம்பியின் ஒலி மெலிந்துவிட்டதே?

பதில்: கணக்கு சரி, எடுத்த ரெசிஸ்டர்தான் தப்பு. அந்த 100 கிலோ ஓம், இரண்டாவது டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து திரும்பி வரும் ஃபீட்பேக் வழி. கெப்பாசிட்டரைத் தாண்டும் சிக்னலுக்கு அதைவிட எளிய பாதை முதல் டிரான்சிஸ்டரின் பேஸ்தான். கலெக்டரில் 33 கிலோ ஓம் இருப்பதால் அங்கே ஓடுவது ஏறக்குறைய 0.25 மில்லி ஆம்பியர். அந்த அளவில் எமிட்டரின் உள்தடை 100 ஓம் போல இருக்கும். டிரான்சிஸ்டரின் கெயின் 80 என்றால் பேஸில் தெரியும் தடை வெறும் 8 கிலோ ஓம். அதுவும் ஃபஸ் குமிழ் முழுக்க ஏறியிருக்கும்போது. இறக்கினால் ஃபீட்பேக் வேலை செய்யத் தொடங்கி, தடை இன்னும் குறையும்.

இதோடு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் சுருள்) தடையையும் கூட்ட வேண்டும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 6 என்று வைத்தால் மொத்தம் 14 கிலோ ஓம். சுருக்கு வழி: 159-ஐ கிலோ ஓம், மைக்ரோஃபாரட் இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். 159 ÷ (14 × 0.1) = 114. தடித்த ஈ கம்பியின் சுருதி 82 ஹெர்ட்ஸ், அது 4.6 டெசிபல் இறங்கிவிடும். 0.22 போடுங்கள், கட்-ஆஃப் 52-க்கு வரும், இழப்பு 1.5 டெசிபல்கூட இராது. 2.2-க்கே திரும்ப வேண்டாம் என்பது என் கட்சி: ஃபஸ்ஸுக்கு முன்னால் கொஞ்சம் பாஸைக் கழித்தால்தான் கீழ்க்கம்பிகளில் ஒலி குழம்பாது.

ஒன்று கவனியுங்கள். அவுட்புட் அளவை வைத்து இந்தக் கட்-ஆஃபைச் சோதிக்க முயன்றால் ஏமாந்து போவீர்கள். கிளிப் ஆன, அதாவது உச்சி நறுக்கப்பட்ட, சிக்னல் எந்த அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். கிளிப் ஆகாத அளவுக்குச் சிறிய சிக்னலைக் கொடுத்துத்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: பிக் மஃப் என்ற இன்னொரு ஃபஸ் பெடலில் பேண்டோடு வாசிக்கும்போது கிட்டார் காணாமல் போகிறது. எதை மாற்றலாம்?

பதில்: டோன் பகுதியை. பரவலாக உள்ள வடிவத்தில் 39 கிலோ ஓம், 10 நானோஃபாரட் சேர்ந்து 408 ஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டுகின்றன; 4 நானோஃபாரட், 22 கிலோ ஓம் சேர்ந்து 1,800-க்குக் கீழே வெட்டுகின்றன. நடுவில் விழும் பள்ளத்தில்தான் கிட்டார் புதைகிறது. 4-ஐ எடுத்துவிட்டு 10 நானோஃபாரட் போட்டால் மேல் வெட்டு 720-க்கு இறங்கும், பள்ளம் பெரிதும் நிரம்பும். பொட்டென்ஷியோமீட்டரும் சுமை ஏற்றுவதால் இந்த எண்கள் தோராயம்தான், 6.8, 8.2, 10 மூன்றையும் சாக்கெட்டில் செருகிக் கேட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: அதே பெடலில் டோனை பாஸ் பக்கம் முழுக்கத் திருப்பினால் ஒலி அமுங்கிவிடுகிறது.

பதில்: 103 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 104 இருக்கிறதா பாருங்கள். 103 என்றால் 10 நானோஃபாரட், 104 என்றால் 100. மாறிவிட்டால் 408 ஹெர்ட்ஸ் 41 ஆகிவிடும். கிட்டாரின் சுருதிகள் எல்லாமே அதற்கு மேலேதான்.