வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைக்கும் பெயர் தெரியாத செடிகளை எப்படி அடையாளம் காண்பது?

சேலத்தில் புது வீட்டுத் தோட்டத்துக்குச் செம்மண்ணும் ஆட்டு எருவும் கொட்டினீர்கள், மழைக்குப் பிறகு விதைக்காத செடிகளாக முளைத்து நிற்கின்றன, எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கன்னங்குறிச்சிப் பக்கம்தான், அதே செம்மண். ஒவ்வொரு வகையிலும் ஒரு செடியையாவது பூக்கும்வரை விட்டு வையுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. இலையை மட்டும் வைத்துப் பெயர் சொல்வது தாவரவியல் படித்தவர்களுக்கே கஷ்டம். பூவும் காயும் வந்துவிட்டால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இதற்கு முக்கியமான விலக்கு பார்த்தீனியம். சின்னதாக இருக்கும்போது இலைகள் தரையோடு வட்டமாகப் படர்ந்து, ஆழமாக வெட்டுப்பட்டு, சாமந்தி நாற்று மாதிரியே இருக்கும். நம் ஊரில் சாமந்தி என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவர்கள் உண்டு. கோடு போட்ட சிறு வண்டுகள் இலையைக் கடித்துச் சல்லடை ஆக்கியிருந்தால் அநேகமாகப் பார்த்தீனியம்தான். அதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விடப்பட்ட வண்டு அது. வெள்ளைப் பூ வருவதற்கு முன்பே கையுறை போட்டு வேரோடு எடுங்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வரவைக்கும் செடி. பூத்து விதைத்தால் ஆயிரக்கணக்கில் முளைக்கும்.

அப்புறம், விதை எந்த வழியாக வந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆட்டு எரு போட்ட இடத்தில் சீமைக்கருவேல் முளைத்தால் ஆச்சரியமில்லை. ஆடு காயைத் தின்னும், விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்துவிடும். வேர் இறங்குவதற்குள் பிடுங்கிவிடுங்கள். லாரி மண்ணோடு கோரைக்கிழங்கு வரும். மேலே எவ்வளவு பறித்தாலும் கிழங்கைத் தோண்டாமல் அது போகாது. மரத்தடியிலும் மதில் ஓரத்திலும் முளைப்பது பெரும்பாலும் பறவை எச்சத்தில் வந்ததாக இருக்கும்: வேம்பு, அரசு, உண்ணிச்செடி, சுக்குட்டிக்கீரை (மணத்தக்காளி). ஏற்காட்டு நர்சரியில் வாங்கிய தொட்டிகளில் மூன்று இதய வடிவ இலைகளோடு, மஞ்சள் பூவோடு படர்கிறதா? புளியாரையாக இருக்கலாம். காய் முற்றியதும் தொட்டால் விதை தெறிக்கும்.

நம் பக்கம் அதிகம் குழப்புவது ஒரு மூவர் கூட்டணி: மூக்கிரட்டை, சாரணை, பருப்புக்கீரை. மூன்றும் தரையோடு படரும், தண்டு சிவந்திருக்கும். மூக்கிரட்டை என்று சாரணையைப் பறித்துப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பூவைப் பாருங்கள். மூக்கிரட்டைக்கு மெல்லிய காம்பின் நுனியில் கொத்தாக, கடுகளவு இளஞ்சிவப்புப் பூக்கள். காய் பிசுபிசுவென்று துணியில் ஒட்டும். இலையின் பின்பக்கம் வெளுத்திருக்கும். சாரணைக்குக் காம்பே இல்லாமல், இலை தண்டோடு சேரும் இடுக்கில் ஒற்றைப் பூ உட்கார்ந்திருக்கும், காயும் அந்த இடுக்கிலேயே பாதி மறைந்திருக்கும். பருப்புக்கீரைக்கு மஞ்சள் பூ, வழவழப்பான தடித்த இலை, மூடி கழன்று கறுப்பு விதை கொட்டும் காய். இந்த மூன்றையும் பிரிக்கப் பழகிவிட்டால் மற்ற செடிகளிலும் எதைக் கவனிப்பது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வேறு சில சோதனைகள்: தண்டு நாலு பட்டையாக இருந்து இலைகளும் எதிரெதிராக இருந்தால் துளசி, தும்பை குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா என்று பாருங்கள், அம்மான் பச்சரிசிக்கு வரும், கீழாநெல்லிக்கு வராது. பாலைக் கண்ணில் படவிடாதீர்கள். தொட்டதும் நெருப்பாக எரிந்தால் காஞ்சொறி.

கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் போன்ற செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன். குடும்பம், பேரினம் வரை ஓரளவு நம்பலாம். அவை சொன்னதை நம்பி எதையும் வாயில் வைக்கக் கூடாது. சுக்குட்டிக்கும் ஊமத்தைக்கும் ஒரே குடும்பம்தான், நாற்றாக இருக்கும்போது ஏமாற்றும். ஊமத்தையில் இலை, விதை எல்லாமே விஷம். வேலியில் புளிய இலை மாதிரி இலையோடு கொடி ஏறினால் குன்றிமணியா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டாம்.

தின்னும் கீரை விஷயத்தில் நான் நம்புவது காட்டில் கீரை பறித்துப் பழகிய பெரியவர்களைத்தான். எங்கள் அம்மாயி பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை மூன்றையும் நடந்துகொண்டே பிரித்துப் பறிக்கும். சந்தேகம் வந்தால், "பூ வரட்டும் சாமி, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடும். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார், கூப்பிட்டுக் காட்டுங்கள்.

யாருக்குமே தெரியாத செடி என்றால் பூ, காயோடு ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். பூவின் நிறத்தை அன்றே எழுதி வைத்துவிடுங்கள், காய்ந்தால் மாறிவிடும். அதை உள்ளூர்க் கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டலாம். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் கோவையில் இருக்கிறது, பெரிய உலர்தாவரத் தொகுப்போடு.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். குட்டி ஊதாப் பூவோடு மெலிந்து நிற்கும் பூவாங்குறுந்தலைக் களை என்று எறிகிறோம். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் அதற்குச் சொந்தக்காரச் செடி. பூவாங்குறுந்தல் உங்கள் தோட்டத்திலும் அநேகமாக முளைத்திருக்கும். பூத்ததும் பூ, காய், இலையின் பின்பக்கம் மூன்றையும் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.